தடுப்பூசிக்குப் பின் தோள்பட்டைப் பாதிப்பு: அமெரிக்காவில் இழப்பீடு பெறும் வழி

தடுப்பூசி போட்ட கை ஓரிரு நாள் வலிப்பது இயல்பு. ஆனால் ஊசி தோளின் மேற்பகுதியில் இறங்கி, தசைக்குப் பதிலாக மூட்டையொட்டிய திரவப்பையையோ தசைநாரையோ தாக்கினால், கையைத் தூக்க இயலாத வலி மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும். ‘சிர்வா’ எனப்படும் இப்பாதிப்பு, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் அமெரிக்க மத்திய அரசின் தடுப்பூசிப் பாதிப்பு இழப்பீட்டுத் திட்டத்தின் பாதிப்புகள் அட்டவணையில் 2017 மார்ச்சில் சேர்க்கப்பட்டது. இதில் ஊசி போட்டவரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நிபந்தனைகள் பொருந்தினால், தடுப்பூசியே காரணம் என்று சட்டம் கருதிக்கொள்ளும்.

வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அது ஊசி போட்ட தோளோடு அடங்க வேண்டும். இப்பாதிப்புக்குக் காரணமாகக் கூடிய பழைய தோள்வலியோ வேறு நோயோ இருக்கக் கூடாது. அத்துடன், பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது உள்நோயாளியாகச் சேர்ந்து அறுவைச் சிகிச்சை பெற நேர்ந்திருக்க வேண்டும்.

பெரும் சிக்கல் எழுவது அந்த 48 மணி நேரத்தில்தான். தானாகச் சரியாகிவிடும் என்று பொறுத்திருந்து மூன்று மாதம் கழித்து மருத்துவரிடம் செல்பவரின் குறிப்பேட்டில் ‘சில வாரங்களாகத் தோள்வலி’ என்று மட்டும் எழுதப்பட்டால், அந்த ஒரு வரியே பின்னர் எதிர்வாதமாகிவிடும். ஆகவே ஊசி போட்ட நாள், எந்தக் கை, வலி தொடங்கிய நேரம் ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே சொல்லிப் பதியச் செய்வது நல்லது. எந்தக் கையில் போடப்பட்டது என்பது தடுப்பூசிப் பதிவில் விடுபட்டிருப்பதும் உண்டு.

முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள், மத்திய அரசுக்கு எதிரான கோரிக்கைகளை விசாரிக்கும் வாஷிங்டன் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். எதிர்மனுதாரர் மருந்து நிறுவனமல்லர், சுகாதாரத் துறைச் செயலர். காப்பீடு ஈடுசெய்யாத மருத்துவச் செலவு, இழந்த ஊதியம், வலிக்கும் வேதனைக்கும் அதிகபட்சம் 2,50,000 டாலர் ஆகியவை கிடைக்கலாம். நல்லெண்ணத்துடன், தகுந்த அடிப்படையில் தொடுத்த மனு தோற்றாலும் வழக்கறிஞர் கட்டணத்தைத் திட்டமே ஏற்கலாம் என்பதால், இழப்பீட்டில் பங்கு கேட்பவரை நம்ப வேண்டாம்.

கோவிட் தடுப்பூசிக்குரியது வேறு திட்டம்: அதற்கு ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டே அவகாசம், வலிக்கான தொகையோ வழக்கறிஞர் கட்டணமோ கிடையாது. அக்கித் தடுப்பூசி இரண்டிலும் இல்லை.