இடுப்பு மூட்டுக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் நடுவே ஒரு தசை

இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்காக எலும்பு டாக்டரிடம் போகும் பெண்கள், இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிகிறது என்பதைப் பெரும்பாலும் அங்கே சொல்வதில்லை. அது வேறு டாக்டர் பார்க்கிற விஷயம் என்ற நினைப்பு ஒரு பக்கம், கூச்சம் இன்னொரு பக்கம். ஆனால் சிலருக்கு இந்த இரண்டு தொல்லைக்கும் வேர் ஒரே இடத்தில் இருக்கக்கூடும்.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். இவற்றை ஒரு தூளியாக நினைத்துக்கொள்ளலாம். முன்னே கூபகத்தின் (இடுப்பு எலும்புக்கூட்டின்) முன்பக்க எலும்பிலும் பின்னே வால் எலும்பிலும் கட்டியிருக்கிறது. பக்கவாட்டில்? அங்கே பெரும்பகுதி எலும்பில் கட்டப்படவே இல்லை. கூபகத்தின் உட்சுவரை ஒட்டி ஆப்டுரேட்டர் இன்டர்னஸ் என்றொரு தசை இருக்கிறது. அதைப் போர்த்திய உறை ஓரிடத்தில் தடித்து நார்ப்பட்டையாகிறது. இடுப்புத்தளம் பிடித்துத் தொங்குவது அந்தப் பட்டையில்தான்.

இந்தத் தசை உண்மையில் இடுப்பு மூட்டைச் சேர்ந்தது. கூபகத்துக்குள் தொடங்கி, உட்காரும் எலும்புக்கு மேலே ஏறத்தாழ செங்கோணமாக வளைந்து வெளியே வந்து, தொடை எலும்பின் உச்சியில் போய்ச் சேர்கிறது. நின்றபடி தொடையின் மேற்புறம் வெளிப்பக்கமாகக் கையை அழுத்தி வைத்து, பாதத்தை உள்ளும் வெளியும் திருப்பிப் பாருங்கள். கைக்கடியில் ஒரு எலும்பு முண்டு நகரும். இந்தத் தசை வந்து ஒட்டுவது அந்த முண்டின் உட்பக்கத்தில். தொடையை வெளிப்புறமாகத் திருப்புவது இதன் முக்கிய வேலை.

இருமும்போது வயிற்றழுத்தம் சட்டென்று ஏறி சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. பெண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான். அதன் அடியில் தாங்கல் உறுதியாக இருந்தால், அதே அழுத்தம் குழாயையும் நசுக்கி மூடிவிடும். தாங்கல் தொய்ந்தால் குழாய் முழுதாக மூடாது, கசியும்.

மூட்டு தேயும்போது தொடையின் சுழற்சி குறைகிறது. வலிக்குப் பயந்து அசைவைக் குறைப்பதால் மூட்டைச் சுற்றிய தசைகள் மெலிகின்றன, அல்லது ஓயாமல் இறுகிக் கிடக்கின்றன. இறுகிய தசை வலுவான தசை அல்ல; தேவையான நேரத்தில் அதனால் சரியாகச் சுருங்க முடியாது. இடுப்புத்தளம் அதைப் பிடித்துத் தொங்குவதால் அதன் வேலையும் கெடலாம் என்பதே விளக்கம். இதைவிட நேரடியான காரணமும் உண்டு: அவசரமாக வரும்போது, வலிக்கிற இடுப்போடு எழுந்து கழிப்பறை போய்ச் சேர்வதற்குள் கசிந்துவிடுகிறது.

ஜப்பானில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட 189 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2014-இல் வெளியானது. அவர்களில் கணிசமானோருக்கு அறுவைக்கு முன்பே கசிவு இருந்தது; மூட்டு மாற்றிய பிறகு அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது குறைந்தது. சிறுநீர்ப்பையில் யாரும் கை வைக்கவில்லை என்பதுதான் இதில் என்னை ஈர்த்த விஷயம். அதற்காகக் கசிவு தீர மூட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. பிரசவம், மாதவிடாய் நிற்றல், உடற்பருமன், சர்க்கரை நோய் என்று கசிவுக்குக் காரணங்கள் பல, எல்லாம் இடுப்பு மூட்டிலிருந்து வருவதில்லை.

இருமல், தும்மலில் வரும் கசிவுக்கு முதல் சிகிச்சை இன்றும் இடுப்புத்தளப் பயிற்சிதான். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-இல் எழுதி வைத்த முறை அது. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். ஆனால் இடுப்பு மூட்டு இறுகிப் போனவருக்கு வெறுமனே "இறுக்குங்கள், இறுக்குங்கள்" என்று சொல்லிக் கொடுப்பது போதாது. ஏற்கெனவே இறுகிய தசையென்றால் முதலில் தளர்த்தப் பழக வேண்டும், தொடையைத் திருப்பும் தசைகளுக்கும் பயிற்சி வேண்டும். எது தேவை என்பதைப் பெண்கள் நலம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் சோதித்துச் சொல்வார்.

இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தெரியும். அந்த வலியோடு கசிவும் இருந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முதுகு அல்லது கால் வலியோடு பிறப்புறுப்பைச் சுற்றித் திடீரென மரத்துப்போனாலோ, சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொண்டாலோ இந்த விளக்கமெல்லாம் அதற்குப் பொருந்தாது. அது தண்டுவட நரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.