மேடையேற்றவும் வேண்டாம், வாயைக் கட்டவும் வேண்டாம்

மறுபடியும் ஒருவர். வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, எச்சில் விழுங்கவே சிரமப்பட்டார். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை நிறுத்திப் பல மாதமாகிவிட்டது. ஏன் என்று கேட்டால், நாலாக மடித்த ஒரு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுகிறார். “வைரஸ் தெரியலன்னு போட்டிருக்கே மேடம்.” வழிபாட்டுக் கூட்டத்தில் இதை எல்லோர் முன்னாலும் வாசித்து, குணமாகிவிட்டார் என்று அறிவித்திருக்கிறார்கள். அறிவித்தவர்களில் ஒருவர்கூட அவரோடு வரவில்லை. எச்.ஐ.வி. ஆலோசகராக இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். அது வைரல் லோடு பரிசோதனை. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் கருவிக்கே அகப்படாத அளவுக்கு அது குறையும். எச்.ஐ.வி. போய்விட்டது என்று அர்த்தமில்லை. நோய் எதிர்ப்புக்கான சில சிடி4 செல்களின் மரபணுவுக்குள் வைரஸ் தன்னைச் செருகிக்கொண்டு சும்மா கிடக்கும். மாத்திரையால் அதை அங்கிருந்து கிளப்ப முடியாது. நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரத்திலேயே எண்ணிக்கை ஏறிவிடும். குணமானதாக அறிவித்த அன்றைக்கே ஆன்டிபாடி பரிசோதனை (வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் பொருளைத் தேடுவது) செய்திருந்தால் பாசிட்டிவ் என்றுதான் வந்திருக்கும். அதை ஏன் யாரும் செய்து பார்ப்பதில்லை? மாத்திரை செய்த வேலைக்கு வேறு யாரோ நன்றி வாங்கிக்கொள்கிறார்கள், மாத்திரை குப்பைக்குப் போகிறது.

உண்மையில் கொண்டாட வேண்டிய சேதி அந்த ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. மருந்து எடுத்து வைரல் லோடு மில்லிலிட்டருக்கு 200-க்குக் கீழே நிலையாக இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவாது. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள, ஆணுறை இல்லாமல் உறவு கொண்ட நூற்றுக்கணக்கான ஜோடிகளைப் பார்ட்னர் ஆய்வுகள் கவனித்தன. 2016-லும் 2019-லும் முடிவுகள் வந்தன. இப்படி வைரல் லோடு கட்டுப்பட்டிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. திருமணம் நடத்திவைக்க எச்.ஐ.வி. சான்றிதழ் கேட்கும் மதப் பெரியவர்கள் இதை ஒருமுறை படித்தால் நல்லது.

இன்னொன்று. மேடையில் நிறுத்தும் முன் அவருக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. தன் நோயைப் பற்றிப் பேசுவதும் பேசாமலிருப்பதும் அவரவர் உரிமை. ஆனால் குணமானேன் என்று சொல்கிறவருக்குத்தான் மைக் கிடைக்கிறது. ‘எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கிறேன்’ என்று ஒரு பெண் எழுந்து பேசட்டும், அடுத்த வாரம் அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. உகாண்டாவின் ஆங்கிலிக்கன் குருவான கிதியோன் பியாமுகிஷா, தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை 1992-லேயே வெளிப்படையாகச் சொன்னார். எச்.ஐ.வி.யோடு வாழும் மதத் தலைவர்களுக்கென ஒரு அமைப்பு உருவாகவும் காரணமாக இருந்தார். தாய்லாந்தின் சங்க மேத்தா திட்டத்தில் எச்.ஐ.வி. பற்றிப் பயிற்சி பெற்ற பௌத்தத் துறவிகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் சமைத்த உணவை வாங்கி ஊரார் பார்க்கவே சாப்பிட்டார்கள். நாங்கள் நூறு துண்டுப் பிரசுரம் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது.

மதத் தலைவர்களே, உங்களிடம் ஒருவர் தனியாக வந்து சொன்னால் அது உங்களோடு நிற்கட்டும். நிர்வாகக் குழுவுக்குப் போக வேண்டாம், குடும்பத்துக்கும் நீங்களாகச் சொல்ல வேண்டாம். பிரார்த்தனைக் குறிப்பில் பெயரையும் நோயையும் சேர்த்து வாசிக்காதீர்கள். அதை வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். (போடுகிறார்கள், பார்த்திருக்கிறேன்.) பேச முன்வருகிறவருக்கு இடம் கொடுங்கள், பிறகு அவரை யாராவது ஒதுக்கினால் முதலில் தட்டிக்கேட்பது நீங்களாக இருங்கள். வேண்டுதலோடு மாத்திரையும் தொடரட்டும் என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் ஒரு மணி நேரம் பேசினாலும் கேட்காதவர்கள் அதைக் கேட்பார்கள்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களா? வந்துவிடுங்கள், திட்ட மாட்டோம். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாக மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். டப்பாவை அப்படியே எடுத்து வாருங்கள். உங்களைப் பரிசோதித்துவிட்டு, அதே மருந்தா வேறு மருந்தா என்று டாக்டர் முடிவு செய்வார்.