அட்வகசி: பரப்புரையா, பரிந்து பேசலா?

அமெரிக்க மருத்துவமனைகளைப் பற்றிய கட்டுரையில் ‘அட்வகசி’ என்று வந்தால் போதும், நம் மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘பரப்புரை’ என்று போட்டுவிடுகிறார்கள். லத்தீனில் ‘அட்’ அருகே, ‘வொகாரே’ அழைத்தல். துணைக்கு அழைக்கப்பட்டு நமக்காகப் பேசுபவர் அட்வகேட். அவர் செய்வது அட்வகசி. வேர் அவ்வளவுதான்.

பரப்புரை ஏன் ஆகாது? அங்கே இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் பெரும்பாலும் வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் விலக்குப் பெற்றவை. வேட்பாளர் எவருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ அவை தேர்தல் பரப்புரை செய்யவே கூடாது. செய்தால் விலக்கே பறிபோகலாம். சட்டமுன்வடிவை ஆதரித்தோ எதிர்த்தோ லாபி செய்யலாம், அதாவது சட்டமியற்றுவோரின் முடிவைத் தம் பக்கம் திருப்ப முயலலாம், அளவோடு. அந்த அளவைச் செலவுத் தொகையால் கணக்கிடும் 501(எச்) முறையைத் தேர்ந்த மருத்துவமனை எவ்வளவு பெரியதானாலும் லாபிச் செலவுக்கு ஆண்டு உச்சவரம்பு 10 லட்சம் டாலர். மிஞ்சிய தொகைக்கு 25 விழுக்காடு வரி. ‘உங்கள் செனட்டரை அழைத்துச் சொல்லுங்கள்’ என்று பொதுமக்களைத் தூண்டும் செலவு அதில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் கட்டண விதி வரைவு வந்ததும், தங்களுக்கு எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டு, வழக்கமாக 60 நாளுக்குள் எழுத்தில் கருத்து அனுப்புவார்களே, அது விதியைப் பற்றியது, சட்டமுன்வடிவைப் பற்றியது அல்ல. ஆகவே வரிக் கணக்கில் அது லாபியே இல்லை. இந்த மூன்றையும் ‘பரப்புரை’ என்றே எழுதினால், சட்டம் அனுமதிக்கும் வேலை தடைசெய்த வேலையாகிவிடுகிறது. இது சின்னப் பிழையா?

‘பரிந்துரை’ என்போரும் உண்டு. வேறு துறைக்குப் பொருந்தலாம். ‘மருத்துவமனையின் பரிந்துரை’ என்றால் மருந்துச் சீட்டா, வேறு மருத்துவரிடம் அனுப்பும் கடிதமா என்றுதான் கேட்பார்கள். ‘வக்காலத்து’ அரபு வழி வந்தது என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. ‘அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குறே?’ என்ற ஏளனம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் சிக்கல். ‘பரிந்து பேசல்’ போதும். யாருக்காக, யாரிடம் என்ற கேள்வியையும் அது கூடவே எழுப்புகிறது.

மருத்துவமனையில் இதைக் கவனிக்கும் ‘கவர்ன்மென்ட் ரிலேஷன்ஸ்’ துறையை ‘அரசுத் தொடர்பு’ என்றால் தெளிவு. ‘அரசாங்க உறவுகள்’ என்பது சம்பந்தி வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கிறது.

லாபியை லாபியாகவே விடலாம். லாபி என்றால் முன்கூடம்; ஓட்டல் முன்கூடத்தில் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க அதிபர் கிராண்டைச் சூழ்ந்தவர்களால் வந்த பெயர் என்பது கட்டுக்கதை. அவர் பதவிக்கு வருமுன்பே அரசியலில் அச்சொல் புழங்கியது. அதைத் ‘திரைமறைவுப் பேரம்’ என்று எழுதும் நாளிதழ்கள் ஒன்றை மறக்கின்றன: லாபியை வெளிப்படுத்தச் சொல்லும் 1995ஆம் ஆண்டுச் சட்டமும் 2007ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த பிறகு, பதிவுசெய்த லாபிக்காரர்கள் யாருக்காக, எந்தப் பொருளில், எவ்வளவு பணத்துக்கு வேலை செய்தார்கள் என்று காலாண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். அதை இணையத்தில் யாரும் படிக்கலாம்.