கட்டைவிரலைத் துள்ளவைக்கும் காந்தம்

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்க ஆத்தாவுக்கு ரெண்டு வருஷமா மனச்சோர்வு. மாத்திரை போதலை. மதுரை டாக்டர் தலையில் காந்தம் வைத்துச் சிகிச்சை செய்யலாம் என்கிறார். காந்த மெத்தை என்று விற்கிறார்களே, அதுதானா இது?"

இல்லை. பெயரில் மட்டும்தான் உறவு. டாக்டர் சொன்னது டி.எம்.எஸ். (டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன்) என்ற சிகிச்சை; மண்டையோட்டுக்கு வெளியே கம்பிச்சுருளை வைத்து, காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டுவது. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவர் குழுவினரும் இந்த உத்தியைச் செய்து காட்டினார்கள். மனச்சோர்வுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2008-இல் அனுமதி கொடுத்தது.

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கும். உள்ளே கம்பிச்சுருள், மேலே கண்ணாடி, அதன்மேல் பாத்திரம். சுருளில் ஓடும் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறுகிறது; கூடவே காந்தப்புலமும் மாறுகிறது. அந்த மாற்றம் கண்ணாடியைத் தாண்டிப்போய்ப் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. டி.எம்.எஸ்.-இல் கண்ணாடியின் இடத்தில் மண்டையோடு, பாத்திரத்தின் இடத்தில் மூளை. எலும்பு மின்சாரத்தைச் சுலபத்தில் விடாது. காந்தப்புலத்துக்கோ அது இருப்பதே தெரியாது. தலை சூடாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு துடிப்பும் ஒரு மில்லிநொடிகூட நீடிப்பதில்லை. நரம்புச்செல்லைச் சுண்டிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது.

எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. டி.எம்.எஸ். காந்தப்புலத்தின் வலிமை ஏறக்குறைய 1.5 முதல் 2 டெஸ்லா. பல எம்.ஆர்.ஐ. எந்திரங்களிலும் அதே 1.5 டெஸ்லாதான். அதற்குள் அரைமணி நேரம் படுத்திருந்தாலும், அசையாமல் நிற்கும் அந்தப் பெரிய காந்தம் நம் விரலைத் துள்ளவைப்பதில்லை. ஆனால் டி.எம்.எஸ். சுருளில், ஒரு நொடியில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பூஜ்யத்திலிருந்து அந்த உச்சிக்குப் புலம் எகிறும்போது, 'டக்' என்று ஒரு சத்தம். நோயாளியின் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளுகிறது! அவர் அசைக்கவில்லை, யாரும் தொடவும் இல்லை. இடப்பக்க மூளையில் கையை ஆளும் இடத்தைச் சுருள் தட்டியிருக்கிறது, அவ்வளவுதான். காந்தம் எவ்வளவு பெரியது என்பதைவிட எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே முக்கியம். மெத்தைக்குள் சும்மா கிடக்கும் காந்தம் எதைத் தட்டப்போகிறது?

அந்த விரல்தான் மருத்துவருக்கு அளவுகோல். காந்தத் துடிப்பு எவ்வளவு வலிமையாக இருக்கும்போது அது துள்ளுகிறதோ அதை வைத்து ஆளுக்கேற்ற அளவை முடிவு செய்கிறார்கள். அப்புறம் சுருளைச் சுமார் 5 செ.மீ. முன்னே நகர்த்தி, நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியில் வைக்கிறார்கள். சுருளின் தட்டு 2, 3 செ.மீ. ஆழம் வரைதான் எட்டும். ஆனால் அந்தப் பகுதிக்கு, மனநிலையோடு தொடர்புள்ள ஆழமான இடங்களுடன் நரம்பு இணைப்பு உண்டு. வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். மயக்க மருந்து கிடையாது. மாற்றம் மெல்லத்தான் தெரியும். எல்லோருக்கும் பலன் கிடைப்பதும் இல்லை. மிக அரிதாக வலிப்பு வரலாம்.

மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைக் கிளப்பும் என்ற மின்தூண்டலை விஞ்ஞானி ஃபாரடே 1831-இல் கண்டபோது மனச்சோர்வை நினைத்திருக்க மாட்டார். அங்கிருந்து ஷெஃபீல்டுக்கு 154 ஆண்டு. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தது இப்படிப்பட்ட பொறுமையோடுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பொறுமை இன்றைய ஆராய்ச்சி நிதிக்கு வேண்டும். காத்து கருப்பு என்று தாயத்துக்கும், மெத்தைக்கும் குடும்பங்கள் பணத்தை இழப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. மாவட்டத்துக்கு ஒரு அரசு மருத்துவமனையிலாவது இந்தச் சிகிச்சை கிடைக்க வேண்டும்.

தலைக்குள் உலோகக் கிளிப்போ செவிக்கருவியோ பொருத்தியிருந்தாலும், முன்பு வலிப்பு வந்திருந்தாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போகும் நாளில் ஆத்தாவின் வைரத்தோட்டையும் கொண்டை ஊசியையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.