சிட்டிங், இன்கம்பென்ட், நடப்பு அதிபர்

தேர்தல் நெருங்கினால் மன்னார்குடி, திருவாரூர் தேநீர்க் கடைகளில் முதலில் எழும் கேள்வி, ‘சிட்டிங் எம்.எல்.ஏ.வுக்கே மறுபடியும் சீட்டா?’ என்பதுதான். அந்தச் ‘சிட்டிங்’ ஆசாமியைத்தான் அமெரிக்கத் தேர்தல் செய்திகள் ‘இன்கம்பென்ட்’ என்கின்றன. இப்போது பதவியில் இருப்பவர் என்று பொருள்.

மூலம் லத்தீன். ‘இன்கும்பெரே’ என்றால் ஒன்றின்மேல் சாய்வது, படுப்பது. தேவாலயப் பொறுப்பையும் அதனோடு வரும் வருமானத்தையும் அனுபவித்த பாதிரியாரைக் குறிக்கவே ஆங்கிலத்தில் முதலில் வழங்கியது. அரசியலுக்கு வந்தது பிற்பாடு. நாம் எழுதும் ‘பதவி’ வடசொல். அதன் பழம்பொருள் பாதை, தடம். ஆக, லத்தீன்காரர் படுத்திருக்கிறார், வடமொழிக்காரர் நடக்கிறார், நம் சிட்டிங் உட்கார்ந்திருக்கிறார். யாரும் எழுந்துபோவதாகத் தெரியவில்லை.

தமிழில் ‘நடப்பு அதிபர்’ என்பது பத்திரிகை வழக்கு. சுருக்கமானது, எனக்கும் உடன்பாடே. விளக்கம் வேண்டிய இடத்தில் ‘பதவியிலிருக்கும் அதிபர்’ என்று எழுதலாம். ‘ஆளுங்கட்சி வேட்பாளர்’ என்று மட்டும் எழுதக் கூடாது. பதவியில் இருப்பவர் ஒதுங்கிக்கொண்டு அவர் கட்சியில் வேறொருவர் நின்றாலும் அவர் ஆளுங்கட்சி வேட்பாளர்தான். 2024இல் பைடன் விலகிக் கமலா ஹாரிஸ் போட்டியிட்டது அப்படித்தான்.

இதன் உடன்பிறப்பு ‘ஆன்ட்டி இன்கம்பென்சி’. ‘ஆட்சி எதிர்ப்பு அலை’ என்கிறோம். டெல்டாவில் இந்த அலை எங்கே கிளம்புகிறது என்று பார்க்க நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் போதும். அறுத்த நெல்லைக் கொட்டிவிட்டு விவசாயி காத்திருப்பார். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். இடையில் ஒரு மழை பிடித்தால் தார்ப்பாய்க்கு அடியிலேயே நெல் முளைவிடும். அந்த வரம்பைத் தளர்த்த மத்திய அரசு அனுமதி தரவேண்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் யார் காதிலும் ஏறாது. திட்டு முழுவதும் உள்ளூர் சிட்டிங்குக்குத்தான். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்காவிட்டாலும் இதே கதை.

ஆனால் திட்டுகிறவர்கள் எல்லாரும் மாற்றிக் குத்துவதில்லை. தமிழ்நாட்டில் 1984க்குப் பிறகு ஆளுங்கட்சி அடுத்தடுத்துத் தோற்று வந்தது. 2016இல் ஜெயலலிதா அந்த வழக்கத்தை உடைத்தார். ‘இவர் வேண்டாம்’ என்பதற்கும் ‘அவர் வரட்டும்’ என்பதற்கும் நடுவே ஒரு வாய்க்கால் தூரம் இருக்கிறது.

இங்கேதான் இன்னொரு சொல்லில் சறுக்குகிறோம். ‘அப்ரூவல் ரேட்டிங்’ என்பதைச் ‘செல்வாக்கு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான காலப் கேட்பது, அதிபர் தம் பணியைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா என்பதை மட்டுமே. பிடிக்குமா என்றோ, வாக்களிப்பீர்களா என்றோ அந்தக் கேள்வியில் இல்லை. ‘பணி ஒப்புதல் விகிதம்’ என்பதே நேர்.

வேறுபாடு சின்னதல்ல. 1948 தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு அமெரிக்க அதிபர் ட்ரூமனின் ஒப்புதல் 40 விழுக்காட்டுக்கும் கீழே கிடந்தது. அவர் நாடாளுமன்றத்தைச் ‘சும்மா இருக்கும் சபை’ என்று ஊர் ஊராகச் சாடி வென்றார். எதிர்த்து நின்றவர் பெயரைப் போட்டு ‘ட்யூயி வென்றார்’ என்று முந்திக்கொண்டு அச்சிட்ட சிகாகோ பத்திரிகையை அவர் சிரித்தபடி தூக்கிக் காட்டிய படம் பிரசித்தம். மூத்த புஷ்ஷுக்கு நேர் எதிர். 1991 வளைகுடாப் போர் முடிந்தபோது 89 விழுக்காடு; பொருளாதாரம் மந்தமாக, அடுத்த ஆண்டே கிளின்டனிடம் தோற்றார். கார்ட்டர் 1980இல் ஒப்புதலும் இழந்து தேர்தலையும் இழந்தார். விலைவாசி ஒரு பக்கம், ஈரானில் பிணைக்கைதிகள் மறுபக்கம். அதிபரை முடிவு செய்யும், மாநிலவாரியாகப் பகிரப்பட்ட 538 தேர்வாளர் வாக்குகளில் அவருக்குக் கிடைத்தவை 49.

கடலுக்கு அக்கரையிலும் சான்று உண்டு. இலங்கைத் தமிழில் அதிபர் என்பவர் ‘ஜனாதிபதி’. மகிந்த ராஜபக்ச பதவிக்காலம் முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டு இருக்கும்போதே தேர்தலை அழைத்து, 2015 ஜனவரியில் தோற்றார். 2024இல் பதவியில் இருந்துகொண்டே போட்டியிட்ட ரணில் விக்கிரமசிங்க மூன்றாம் இடம் வந்தார்.

நம் குடியரசுத் தலைவருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும், இரண்டு முறை தேர்வானவர் ராஜேந்திர பிரசாத் ஒருவரே. சோழர் காலத்து உத்திரமேரூர்க் குடவோலை விதி இன்னும் கறார்: அண்மை மூன்றாண்டுக்குள் வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்தவர் பெயரைக் குடத்திலேயே போட மாட்டார்கள்.