வருத்தம் இருக்கா என்று கேட்டால்

"கடந்த ஒரு மாதத்தில் உங்களுக்கு வருத்தம் இருந்ததா?" தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் மனநலம் பற்றிக் கணக்கெடுக்கப் போனபோது படிவத்தில் இருந்த கேள்வி. முதல் வீட்டு அம்மம்மா யோசிக்கவே இல்லை. "ஓம் பிள்ளை, பத்து வருசமா சீனி வருத்தம்." அடுத்த வீட்டில் முழங்கால் வருத்தம். மூன்றாவது வீட்டில்தான் எனக்கு உறைத்தது. ஈழத்துப் பேச்சில் வருத்தம் என்றால் நோய். ஆங்கிலப் படிவமாக இருந்திருந்தால் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஆள் வைத்திருப்போம். தமிழ்தானே என்று விட்டுவிட்டோம்.

சரி, சொல்லை ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். எங்கள் கையில் இருக்கும் குறிப்பு நோட்டைப் பார்த்து அவர்களுக்கு வரும் பயத்தை என்ன செய்வது?

2021-ல் அகதிகள் முகாம் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. ஆனால் அங்கே இருப்பவர்களுக்குத் தாளும் பேனாவும் என்றால் இன்னும் 'செக்கிங்'தான், அதிகாரிகள் வந்து ஆள் எண்ணும் நாள். அன்று நேரில் நிற்காவிட்டால் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை நிற்கும், பதிவே போய்விடலாம் என்ற அச்சம். "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டதும் ஒரு அக்கா உள்ளே போய் முகாம் அட்டையை எடுத்துவந்து வரிசையாக ஐந்து பெயர் வாசித்தார். வாசலில் கழுவிக் கவிழ்த்திருந்த தட்டு மூன்று. பெயிண்டிங் வேலைக்கு வெளியூர் போனவர்கள் மாதக்கணக்கில் தங்குவது பல முகாம்களில் உண்டு. நான் ஐந்து என்றே எழுதினேன்.

அன்று சாயங்காலம் எங்கள் குழுவில் ஒருவர் கெட்டிக்காரத்தனமாக, "நேற்று ராத்திரி எத்தனை பேருக்குச் சமைத்தீங்கன்னு கேட்போம்" என்றார். உண்மை வந்துவிடும்தான். ஆனால் அவர்கள் மறைப்பது வயிற்றுப்பாட்டுக்காக. அந்தத் தாள் கைமாறினால் நஷ்டம் எங்களுக்கில்லை. எங்கள் ஆய்வுக்கு அந்த எண் அவசியமும் இல்லை. கேள்வியையே எடுத்துவிட்டோம்.

"இலங்கைக்குத் திரும்ப விருப்பமா? ஆம் / இல்லை" என்பது இன்னும் மோசம். 1992-ல் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது கட்டாயப்படுத்தியதாகப் புகார்கள் எழுந்தன. அதன்பிறகுதான், போகிறவர் மனமொப்பிப் போகிறாரா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னைக்கு வந்தது. அதைக் கண்டவர்கள் இன்னும் முகாமில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து' என்று நீட்டலாமா? வாய்மொழிச் சம்மதம் போதும் என்று ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவை ஒத்துக்கொள்ள வைக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் 'திரும்ப' என்ற சொல்லுக்கே பொருளில்லை. அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்தவர்களுக்கு இந்தியக் குடியுரிமைக்கு வழி செய்த 2019 சட்டத் திருத்தத்திலும் இலங்கை இல்லை. அந்தக் கேள்விக்குக் கட்டம் போடாமல், அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டோம்.

முகாமுக்குள் போக அரசு அனுமதி வேண்டும். அனுமதியோடு சில நாள் ஒரு அலுவலரும் கூட வருவார். அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கையில் எடுத்த பேட்டிகளை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. அட்டவணை போடும்போதும் கவனம் வேண்டும். அறுபது குடும்பம் உள்ள முகாமில் 'பட்டம் படித்த, கணவரை இழந்த பெண்: 1' என்று அச்சிட்டால், பெயர் போடாமலே எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

ஆய்வு முடிந்ததும் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, முகாமிலேயே வாசித்துக் காட்டினோம். பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணன் எழுந்தார். "குழாய் நாலுன்னு போட்டிருக்கீங்க. மூணுதான். நாலாவதுல ரெண்டு வருசமா தண்ணி வரல." அங்கேயே அடித்துத் திருத்தினேன்.