ரூட்டரா ஸ்விட்ச்சா? கேரியர் நெட்வொர்க்ல நடந்த பெரிய போட்டி

1990கள்ல கேரியர்னு சொல்ற டெலிகாம் கம்பெனிங்க பெரும்பாலும் நம்பினது ஏடிஎம்மை தான். பணம் எடுக்குற மெஷின் இல்லங்க, இது போன் கால், வீடியோ, டேட்டா எல்லாத்தையும் ஒரே நெட்வொர்க்ல கொண்டு போக வந்த ஸ்விட்ச்சிங் முறை. எதை அனுப்பினாலும் 53 பைட் செல்லா நறுக்கிடும், அதுல 5 பைட் எங்க போகணும்னு சொல்ற ஹெடர், மீதி 48 தான் டேட்டா. இந்த 48க்கே ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. அமெரிக்கா பக்கம் 64 கேட்டாங்க, ஐரோப்பா பக்கம் 32 கேட்டாங்க, கடைசில நடுவுல முடிச்சிட்டாங்க. ஏன் இவ்ளோ அடம்னா, 64 கேபிபிஎஸ் குரல்ல 48 பைட் நிரம்பவே 6 மில்லிசெகண்ட் ஆகும், செல் பெருசானா தாமதம் கூடி எக்கோ தொல்லை வரும்.

குரலுக்கு ஓகே, ஆனா இன்டர்நெட்டுக்கு இது ரொம்ப வேஸ்ட். டேட்டா வந்து சேர்ந்துச்சுன்னு டிசிபி (டேட்டா ஒழுங்கா போய் சேருதான்னு பார்த்துக்குற இன்டர்நெட் முறை) அனுப்புற 40 பைட் பதில் பாக்கெட்டை எடுத்துக்கோங்க, வழக்கமான முறையில அதுக்கு மேல 16 பைட் ஏறி 56 ஆகிடும், ஒரு செல்லுல அடங்காது, ரெண்டு செல் வேணும், ஆக 40 பைட்டுக்கு லைன்ல 106 பைட் ஓடுது.

அப்புறம் ஏன் ஏடிஎம்னா, அப்போ ரூட்டர், அதாவது ஒவ்வொரு பாக்கெட்டோட ஐபி அட்ரஸையும் பார்த்து வழி முடிவு பண்ற பெட்டி, ஸ்லோ. 10.1.0.0/16 (அட்ரஸோட முதல் 16 பிட் பொருந்தணும்), 10.1.5.0/24 (முதல் 24 பிட் பொருந்தணும்) ரெண்டுமே டேபிள்ல இருந்தா 10.1.5.9க்கு போற பாக்கெட்டுக்கு எது நீளமா பொருந்துதுன்னு ஒவ்வொரு தடவையும் தேடணும், அதையும் நிறைய ரூட்டர்ல சாஃப்ட்வேர் தான் செஞ்சிட்டு இருந்துச்சு. ஸ்விட்ச்சுக்கு அந்த தேடலே கிடையாது, பாதையை முன்னாடியே போட்டு வச்சிட்டு நம்பரை மட்டும் பார்த்து தள்ளிடும்.

1996ல இப்சிலான்னு ஒரு சின்ன கம்பெனி ஏடிஎம் ஸ்விட்ச் மேலேயே ஐபியை ஓட்டி காட்டுச்சு, அதே வருஷம் சிஸ்கோ பாக்கெட் மேல டேக் ஒட்டி அனுப்புற டேக் ஸ்விட்ச்சிங்கோட வந்துச்சு, இந்த மாதிரி ஐடியா எல்லாம் இன்டர்நெட் விதிமுறைகளை வகுக்குற ஐஇடிஎஃப்ல சேர்ந்து தான் எம்பிஎல்எஸ் (லேபிளை பார்த்து பாக்கெட்டை அனுப்புற முறை) ஆச்சு, 2001ல ஆர்எஃப்சி 3031ங்கற ஐஇடிஎஃப் ஆவணமா வெளிவந்துச்சு. விஷயம் சிம்பிள். நெட்வொர்க் வாசல்ல இருக்குற ரூட்டர் பாக்கெட் மேல 32 பிட் லேபிள் ஒட்டும், அதுல 20 பிட் தான் நம்பர். நடுவுல இருக்குற ரூட்டர் 17ன்னு வந்தா 42ஆ மாத்தி மூணாவது போர்ட்ல அனுப்புன்னு டேபிள்ல இருக்குறதை செய்யும், ஐபி அட்ரஸை பார்க்கவே பார்க்காது.

ஆனா எம்பிஎல்எஸ் முழுசா ரெடியாகுறதுக்குள்ள ரூட்டரே வேகமாகிடுச்சு. 1998ல வந்த ஜூனிப்பர் எம்40 அந்த தேடலை சிப்லயே செஞ்சு செகண்டுக்கு 4 கோடி பாக்கெட் தள்ளுச்சு. அப்போ வேகத்துக்காக லேபிள் தேவையே இல்ல!

இருந்தும் லேபிள் சாகல, என்னை கேட்டா இந்த கதையிலேயே அழகான இடம் இது தான். ஐபி பாக்கெட் பொதுவா குறைஞ்ச காஸ்ட் (பணம் இல்ல, ஒவ்வொரு லிங்க்குக்கும் கொடுத்து வச்ச மதிப்பு) இருக்குற பாதைல தான் போகும், அங்க நெரிசல்னாலும் சரி. லேபிள் இருந்தா சும்மா கிடக்குற சுத்து பாதைல வேணும்னே அனுப்பலாம், லிங்க் அறுந்தா முன்னாடியே போட்டு வச்ச மாத்து பாதைக்கு 50 மில்லிசெகண்டுக்குள்ள மாத்த முடியும். ரெண்டு பேங்க் ஒரே 10.0.0.0 அட்ரஸை வச்சிருந்தாலும் வெளி லேபிளுக்கு கீழ ஒட்டுற உள் லேபிள் வேற வேறன்றதால ட்ராஃபிக் கலக்காது, கம்பெனிகளுக்கு தனி நெட்வொர்க் மாதிரி விக்கிற விபிஎன் பிசினஸ் இது மேல தான் நின்னுச்சு.

2018ல ஆர்எஃப்சி 8402ஆ வந்த செக்மெண்ட் ரவுட்டிங்லயும் இதே 32 பிட் லேபிளை அடுக்கி முழு பாதையையும் வாசல்லயே எழுதி அனுப்ப முடியுது, நடுவுல இருக்குற ரூட்டர் ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியா எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல.